தோற்ற சோளத்துக்கு ஒரு குழி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மேட்டுநாட்டைச் சொக்கேந்திர ராசா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மதியம் வேறொன்று சொல்வார். அவர் மாறாமல் இருந்தது ஒரே விஷயத்தில். எருமைத் தயிர்! அது கட்டியாக இல்லாவிட்டால் அன்றைக்கு யாருக்கோ தண்டனை நிச்சயம்.

அந்தத் தயிருக்கு நாற்பது எருமை. அவற்றை மேய்த்தவள் மயிலாத்தாள். கோடையில் புல் கருகிவிடும் என்று, அவளே இரண்டு வகை மக்காச்சோளத்தைக் கலந்து ஒரு ஒட்டு ரகம் எடுத்திருந்தாள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளரும். தட்டை என்கிற தண்டும் தோகையும் அப்படியொரு செழிப்பு.

அது களஞ்சியத் தலைவர் அருமைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. அவரிடமும் ஒரு ஒட்டு ரகம் இருந்தது. குட்டைச் செடி, முழங்கை நீளக் கதிர். நேராக ராசாவிடம் போனார்.

"மகாராசா, ஒரு நாட்டுக்கு ஒரே ராசா. விதை மட்டும் எதற்கு இரண்டு?"

"அட, ஆமாம்! போட்டி வையுங்கள். தோற்ற விதையைக் கொளுத்திவிடலாம்!"

"மணி எடைதான் கணக்கு, மகாராசா."

"அப்படியே ஆகட்டும்!"

மயிலாத்தாள் எருமைகளை எண்ணிப் பார்த்தாள். விதை போனால் கோடையில் நாற்பது எருமையும் எலும்பாகிவிடும். ஆனால் ராசா சொன்ன பிறகு யார் பேசுவது?

ஒரே வயலில் ஆளுக்குப் பாதி விதைத்தார்கள். தை மாதம் எடை போட்டார்கள். அருமைநாயகம் பக்கம் நூறு மூட்டை. அவள் பக்கம் நாற்பதுகூடத் தேறவில்லை.

"பார்த்தாயா மயிலாத்தா? உன்னுடையது சோளமா, மூங்கில் தோப்பா?" என்றார் அருமைநாயகம். சபையே சிரித்தது.

அவள் காலடியில் அவருடைய மணி ஒன்று சிந்திக் கிடந்தது. எடுத்து நகத்தால் கீறினாள். சளக்கென்று பால் தெறித்தது! அட, மனுசன் காயவிடாமல் பச்சையாகவே அறுத்திருக்கிறார். எடையில் பாதி தண்ணீர்! கத்தலாமா என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தோத்துட்டேன் மகாராசா, ஒத்துக்கிறேன். ரெண்டே ரெண்டு ஆசை. ஜெயிச்ச மணியை எடை போட்டபடியே கட்டி உங்க முத்திரை வையுங்க. நாற்பத்தஞ்சு நாள் யாரும் தொடக் கூடாது. நாட்டுக்கே பெருமையாச்சே!"

"பேஷ்! அடுத்தது?"

"தோத்த பயிருக்கு ஒரு குழி குடுங்க. நறுக்கிப் போட்டுப் புதைச்சிடறேன். அதே நாற்பத்தஞ்சாம் நாள் காரியம் முடிஞ்சதும் விதையைக் கொளுத்துங்க."

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அருமைநாயகத்துக்கு முகம் வெளுத்தது. மூட்டையைக் காயவைக்க வேண்டும் என்றால் குட்டு உடைந்துவிடும். நூறு மூட்டைக்கும் முத்திரை விழுந்தது. அந்த எரிச்சலை எல்லாம் குழியின் மேல் காட்டினார். ஐம்பது ஆட்களை இறக்கி, அவரும் இறங்கிக் குதித்தார்.

"நல்லா மிதிங்கடா! மூச்சு விடக் கூடாது! எழுந்து வந்துடப்போகுது!"

"இன்னும் ஓரத்துல மிதிங்க தலைவரே," என்றாள் மயிலாத்தாள், கண்ணைத் துடைப்பதுபோல. மேலே சேறு பூசி மூடினார்கள்.

பங்குனி வந்தது. புல் கருகியது. எருமைகள் மடி வற்றின. ஒரு நாள் ராசா கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார்.

"இது தயிரா, கழுவின தண்ணியா? கூப்பிடு அவளை!"

"மகாராசா, இன்னைக்கு நாற்பத்தஞ்சாவது நாள். முத்திரையைப் பிரிங்க, கட்டியா தயிர் வரும்," என்றாள் அவள்.

முதல் மூட்டையைப் பிரித்தார்கள். ஆவி அடித்தது! உள்ளே கறுப்புப் பூஞ்சணம், முளைவிட்ட மணி, குடலைப் புரட்டும் நாற்றம். நூறு மூட்டையும் அதே கதி. ராசா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

"இப்போ குழியைத் திறங்க!"

திறந்தார்கள். ஊறுகாய்போல இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. பொன்பச்சை நிறத்தில் தட்டை, ஒரு துளி கெடவில்லை. நாற்பது எருமையும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அதன் மேல் பாய்ந்தன!

"இது எப்படி?" ராசா வாயைப் பிளந்தார்.

"மணிக்கு ஈரம் எமன் மகாராசா. தீவனத்துக்கு அதே ஈரம்தான் உயிர். ஆனா காத்துப் புகாம இறுக மிதிக்கணும். தலைவர் அருமையா மிதிச்சுக் குடுத்தாரு."

ராசா முகம் சிவந்து அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார். "ஈரத்தை எடை போட்டு என்னையே ஏமாற்றினாயா! கொளுத்துங்கள் அவன் விதையை!"

"ஐயோ, வேண்டாம்!" மயிலாத்தாள் குறுக்கே வந்தாள். "விதை தங்கம் மகாராசா. ஆளுதான் அவசரக்காரரு. செடியிலேயே காயவிட்டு அறுத்தா, மணியில என் ரகம் அதுக்குக் கிட்டயே நிக்காது. என்னோடதுல களி கிண்டினா மரத்தூள் மாதிரி இருக்கும். மனுசனுக்கு அது, மாட்டுக்கு இது. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சதுதான் தப்பு."

சபையே ராசா பக்கம் திரும்பியது. அந்தத் தராசுக்குத் தலையாட்டியதே அவர்தான்! அவர் அவளைப் பார்த்தார், எருமைகளைப் பார்த்தார், கடைசியில் தன் தயிர்க் கிண்ணத்தை நினைத்தார்.

"இரண்டும் இருக்கட்டும்! என்ன பரிசு வேண்டும், கேள்."

"வருசா வருசம் குழி மிதிக்க நல்ல கனமான ஆள் ஒருத்தர் வேணும்."

அன்றிலிருந்து தை மாதம் ஆனால் போதும், அருமைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக் குழியில் இறங்குவார். கரையில் ராசா கையில் கட்டித் தயிரோடு உட்கார்ந்துகொண்டு கத்துவார்:

"ஓரத்துல மிதியுங்க தலைவரே, ஓரத்துல!"