இரண்டு பிராசசர்களும் ஒரு போணியும்

தென்காசிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடத்தில் பூங்கோதை என்றொரு குரு இருந்தார். கம்ப்யூட்டர் சாமான்களைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது அவர் தொழில்.

அவருக்கு ஒரே சீடர், தெய்வநாயகம். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கம்ப்யூட்டர் கடை நடத்தி, அது நொடித்துப் போனபின் தொழில் கற்க வந்தவர். குருவை அவர் அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஒருநாள் தெய்வநாயகம் தீர்ப்போடு வந்தார்.

கண் ஆஸ்பத்திரி ஒன்று மலையோரக் கிராமங்களுக்கு வேன் அனுப்பப் போகிறது. விழித்திரைப் படத்தைப் பார்த்து, யாருக்கு வைத்தியம் வேண்டும் என்று வேனில் இருக்கும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அதில் எந்தப் பிராசசரைப் போடலாம் என்று கேட்டு இரண்டை அனுப்பியிருந்தார்கள். ஒன்று ஊரறிந்த கம்பெனியுடையது. மற்றது கோவையில் நாலைந்து பேர் சேர்ந்து வடிவமைத்தது. அதுதான் அவர்களுடைய முதல் பிராசசர். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று அவர்களே போனில் சொல்லியிருந்தார்கள்.

"பெரிய கம்பெனிதாம்மா" என்றார் தெய்வநாயகம். "ஒரு வாரமாப் பார்த்துட்டேன். தினமும் அதுதான் முந்துது. கோவைக்காரங்களுக்கு இல்லைன்னு எழுதிரலாம்."

சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. கடைசியாக ஷட்டரை இறக்கும் வலி அவருக்குத் தெரியும். அதற்காகப் பொய் எழுத முடியுமா? மனசு கேட்காவிட்டாலும் உண்மையைச் சொல்கிறோமே என்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எப்படிச் சோதித்தீர்கள் என்று குரு கேட்டார்.

தெய்வநாயகம் விவரமாகச் சொன்னார். ஒரே போர்டு, ஒரே ஃபேன், ஒரே படங்கள். வேனில் ஏசி கிடையாது என்பதால் இங்கேயும் போடவில்லை. போர்டு ஒன்றுதான் என்பதால் காலையில் ஒரு பிராசசர், மதியம் ஒரு பிராசசர் என்று மாற்றி மாட்டினார். யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

"காலையில எது?"

"பெரிய கம்பெனி. போணி எப்பவும் அதுக்குத்தான்."

கடை நடத்திய காலத்துப் பழக்கம் அது. முதல் வியாபாரம் ராசியாக அமைந்தால் அன்றைய பொழுது நன்றாக ஓடும். அந்தக் கம்பெனிச் சாமானை விற்றுத்தான் அவர் போணி செய்வார். விற்ற ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கடை நொடித்ததற்கும் ராசிக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி.

குரு மறுத்துப் பேசவில்லை. நாளைக்குப் பிராசசரைத் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். எப்போது எதை மாட்டினேன் என்று சொல்லமாட்டேன், ஓட்டிப் பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார். தெய்வநாயகத்துக்கு இது பிடித்துப்போனது.

மறுநாள் காலை குரு மாட்டித் தந்தார். எத்தனை படம் முடிந்தது என்ற எண் மட்டும் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறிய வேகத்தைப் பார்த்து தெய்வநாயகம் தலையாட்டிக்கொண்டார். மதியம் அவர் பக்கத்து அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குரு போர்டில் கழற்றி மாட்டும் சத்தம் கேட்டது. கை கழுவிவிட்டு வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இம்முறை எண் சோம்பலாக ஏறியது.

"காலையில ஓடினது பெரிய கம்பெனி. மதியம் கோவை" என்றார். "இதுக்குப் போயி யோசிக்கணுமாம்மா?"

"கழற்றிப் பாருங்க அண்ணாச்சி."

கழற்றினார். சூட்டை வெளியேற்ற மேலே பூசியிருந்த பசையைத் துடைத்து, பேரைப் பார்த்தார். கோவைதான்.

"சொன்னேம்லா?"

"காலையில ஓடினதும் இதுதான். கழற்றி, துடைச்சு, இதையேதான் திரும்ப மாட்டினேன்."

தெய்வநாயகம் நம்பவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பெரிய கம்பெனியின் பிராசசர் முந்தின நாள் அவர் வைத்த டப்பாவிலேயே இருந்தது. அவர் ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை.

திரும்பி வந்தவர் தலைக்கு மேலே இருந்த தகரத்தைப் பார்த்தார். மதிய வெயிலில் அது காய்ந்து, அறை முழுக்க அனலாக இருந்தது. சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைக்கு வந்தவர்களுக்கு அவரே எத்தனையோ முறை எடுத்துச் சொன்ன விஷயம். ஒரு வாரமாக அது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

இல்லையென்று எழுதிப் போட்டிருந்தால்? முகம் தெரியாத நாலைந்து பேரின் ஷட்டரை அவர் கையாலேயே இறக்கியிருப்பார்.

"அப்ப கோவைதான் நல்லதாம்மா?" என்றார் அவசரமாக.

குரு இன்று காலை வந்த எண்ணைப் பார்க்கச் சொன்னார். போன வாரம் காலைகளில் பெரிய கம்பெனிக்கு வந்த எண்களோடு தெய்வநாயகம் அதை ஒப்பிட்டார். கோவை கொஞ்சம் முந்தியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பினார். இன்று காலை சாரல் விழுந்து குளுகுளுவென்று இருந்தது. போன வாரம் ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை. முந்தியது கோவையா, குளிரா?

வெகுநேரம் இரண்டு பிராசசர்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, புதிதாகப் பார்ப்பவரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதுல எதும்மா நல்லது?"

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி" என்றார் குரு. "சோதிக்காமலே தெரிஞ்சிருந்தா இந்த வேலைக்கு எதுக்கு வந்திருக்கப் போறேன்?"