மயிலாத்தாளின் கத்தரிக்கோல்

"இந்தத் தட்டும் செத்துப்போச்சுங்க வாத்தியாரே!"

மயிலாத்தாள் தட்டை மேசைமேல் டமாரென்று வைத்தாள். இருபது பேட்டரிகளும் உருண்டன.

வாத்தியார் என்றதும் தாடியும் காவியும் தேடாதீர்கள். பெயர் சென்னியப்பன், வயது முப்பத்திரண்டு. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற அல்கலைன் பேட்டரி செய்யும் பட்டறையில் தொழில் சொல்லித் தருகிறவன். பேச்சில் மட்டும் மகா கஞ்சன்.

சிஷ்யைக்கு ஐம்பத்திநாலு.

"எத்தனாவது சார்ஜ்ல?" என்று கேட்டான்.

"மூணாவதுல. உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆயிருதுங்க. எல்லாருதும் நல்லாத்தான் இருக்குது. என்னுது மட்டும் இப்படி."

அவன் ஒரு பேட்டரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சுத்தியும் கறுப்பு மருந்து, நடுவுல துத்தநாகக் கூழு. ரெண்டும் தொடக்கூடாதுன்னு இடையில காகிதக் குழல். சொன்னபடியேதான் வெச்சேன். ஒரு சுத்துக்கு ரெண்டு சுத்தா வெச்சேன். ஒரு கிழிசல் இல்ல. அப்பறம் எப்படிங்க தொட்டுக்குது?"

அவன் பேட்டரியைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"திருப்பூர் பனியன் கம்பெனியில முப்பது வருசம் பிசிறு வெட்டினவ நானு. ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல, தெரியுமா?"

பேசிக்கொண்டே, கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்து, அவன் சட்டைக் கையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கென்று வெட்டினாள். கை அதுபாட்டுக்குப் போய் வேலையைப் பார்த்தது.

பிறகு குரல் உடைந்துவிட்டது.

"அடுத்த தட்டும் செத்தா வரவேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாருங்க. இந்த வயசுல என்னைய வேற யாரு வேலைக்குச் சேத்துவாங்க?"

"டீ போடுங்க்கா."

"அட! நான் அழுதுட்டு நிக்கறேன், உங்களுக்கு டீ கேக்குதா?"

சென்னியப்பன் எழுந்து ஒரு சின்னக் கிண்ணியில் விளிம்பு வரை பாலை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"இதுலயா காய்ச்சறது? நல்லாருக்குது போங்க! அடுப்பெல்லாம் பாலாயிரும்."

"அளவாத்தானுங்க்கா ஊத்தியிருக்கறேன்."

"ஊத்தறப்ப அளவுதான். சூடேறினாப் பொங்காதா? மேல கொஞ்சம் எடம் விடோணும்னுகூடத் தெரியாம என்ன படிச்சீங்களோ!"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். செத்த பேட்டரி ஒன்றை எடுத்து மூடியை நெம்பினான். அவள் முன்னால் வைத்தான்.

மயிலாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

கறுப்பு, காகிதம், கூழ். மூன்றும் ஒரே மட்டமாக, கத்தியால் அரிந்து வைத்ததுபோல் இருந்தன.

ஓரிடத்தில் மட்டும், சார்ஜ் ஏற ஏறக் கூழ் பொங்கிக் காகித விளிம்பில் ஏறியிருந்தது. ஏறி, அந்தப் பக்கத்துக் கறுப்பைத் தொட்டிருந்தது.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் கிட்டே குனிந்தாள்.

"காகிதம் மேல கொஞ்சம் நீட்டிட்டு இருந்துதுங்க," என்றாள் மெதுவாக. "பிசிறாட்டம் இருந்துது. மூடி போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு விடறதுக்கு மனசு வரல."

கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"அட கடவுளே. நாந்தானுங்க வெட்டிப்போட்டேன்."

சென்னியப்பன் பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினான்.

அடுத்த தட்டை மயிலாத்தாள் கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டுச் செய்தாள். நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைப் போட்டாள்.

மூன்றாவது சார்ஜ் ஏறியது. சோதனை பல்பு எரிந்தது. பத்தாவது சார்ஜிலும் இருபது பேட்டரிக்கும் பல்பு எரிந்தது.

முதலாளி வந்து பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை நேரத்துல வந்துருங்க," என்று சொல்லிப் போனார்.

"அப்பாடா!"

மயிலாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள், வாத்தியாரிடம் சொல்ல ஓடினாள்.

சொல்லி முடித்தபோதுதான் கண்ணில் பட்டது. அவன் காலரில் ஒரு நூல் தொங்கியது.

கை கத்தரிக்கோலுக்குப் போனது. பாதியில் நின்றது. நூலைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

சென்னியப்பன் கழுத்தை நீட்டிக் காட்டினான்.

"இது சட்டைங்க்கா. வெட்டலாம்."