தண்ணீருக்குப் பயந்த முத்துக்குளிகாரன்

நம்புகிறவர்கள் அருகே வாருங்கள். சந்தேகப்படுகிறவர்கள் இன்னும் அருகே வாருங்கள். இது உங்களுக்கான கதை.

தெற்குக் கடலோரத்தில், அரசர்கள் முத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், சங்கன்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அவ்வூர் ஆண்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போவார்கள். சிப்பி பொறுக்குவார்கள். மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றை ஆட்டுவார்கள். மேலே தோணியில் இருப்பவன் தூக்கிவிடுவான்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது? தம்பி பிடிக்கக் கூடாது, நண்பன் பிடிக்கக் கூடாது, பெற்ற மகனும் பிடிக்கக் கூடாது. மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தம்பிக்குப் பங்கு வரும், மகனுக்குச் சொத்து வரும். தங்கை தாலி இழந்தால் அண்ணனுக்கு அழுகையைத் தவிர வேறென்ன வரும்? யாரையும் நம்பாத யாரோ ஒரு முன்னோர் வகுத்த வழக்கம் அது. ஆனாலும் பழுதில்லாமல் நடந்து வந்தது.

அத்துறையில் சேந்தனைப் போல மூச்சடக்குபவன் கிடையாது. அவனுக்குக் கயிறு பிடித்தவன் கொற்றன், அவன் மனைவி வெண்ணியின் அண்ணன். பத்து ஆண்டுகளாக அவன் இறங்கினான், இவன் ஏற்றினான்.

ஒருநாள் கடலடியில் சேந்தன் கயிற்றை ஆட்டினான். கயிறு ஏறவில்லை. மறுபடி ஆட்டினான். ஏறவில்லை. மூன்றாம் முறை ஆட்டியபோது கண் இருண்டது, காது இரைந்தது, கடல் முழுவதும் வாய்க்குள் வந்துவிடும் போலிருந்தது. அப்புறம் கயிறு ஏறியது. மூக்கில் இரத்தம் வழியத் தோணியில் விழுந்தான்.

"கயிறு தோணி விளிம்புல மாட்டிக்கிச்சு, மாப்பிள்ளை. உடனே எடுத்துட்டேன்" என்றான் கொற்றன்.

"உடனேயா? நூறு எண்ணுற நேரம் கிடந்தேனே!"

"சிரட்டையைப் பாருங்க. பாதிகூட நிறையல."

ஒவ்வொரு தோணியிலும், அடிப்பக்கம் ஊசித் துளையிட்ட கொட்டாங்கச்சி ஒன்று இருக்கும். அதைத்தான் சிரட்டை என்றார்கள். ஆள் இறங்கும்போது அதை ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். துளித் துளியாக நிறைந்து அது முங்கும் முன்னே ஆளைத் தூக்கிவிட வேண்டும். அன்று அது பாதிகூட நிறையவில்லை என்பது உண்மை. ஆனால் கயிறும் கொற்றன் கையில், சிரட்டையும் கொற்றன் கையில்.

அன்று முதல் அவனுக்குத் தண்ணீர் ஆகவில்லை. அலைச் சத்தம் கேட்டால் தொண்டை அடைத்தது. கிணற்றடிக்குப் போனால் எட்டிப் பார்க்காமலே திரும்பினான். குளிக்கும்போது தலையில் ஊற்ற எடுத்த செம்பு பாதி வழியில் நின்றது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, குளித்தேன் என்று வந்து உட்கார்ந்தான்.

"தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சு?" என்றாள் வெண்ணி. "பக்கத்துல வந்தாலே கருவாட்டு வாடை அடிக்குது."

"உங்கண்ணன் செஞ்ச வேலையில தலை இருக்கிறதே பெரிசு!" என்று சீறினான். சொன்ன பிறகுதான், அப்படியும் சொல்லலாம் என்பது அவனுக்கே தெரிந்தது.

முத்துக்குளிகாரன் ஒருவன் தண்ணீருக்குப் பயப்படுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். மைத்துனன் மேல் சந்தேகம் என்றால் ஊர் உட்கார்ந்து கேட்கும். எது வசதி? நீங்களே சொல்லுங்கள்.

சேந்தன் சந்தேகப்படத் தொடங்கினான். கயிற்றின் நுனியில் புது முறுக்கு ஒன்று தெரிந்தது. யார் முறுக்கியது, எதற்கு முறுக்கியது? கொற்றன் இரண்டு நாள் மீன் கொண்டுவந்து கொடுத்தான். இத்தனை நாள் இல்லாத பாசம் இப்போது ஏன்? மூன்றாம் நாள் அவன் வரவில்லை. பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது! வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பத்து நாள் ஆயிற்று. சிப்பிக் காலம் வீணாகிறதே என்று துறைத்தலைவர் ஆதனார் ஆளனுப்பி அழைத்தார். ஊர் கூடியிருக்க, "என்னப்பா, கடலுக்கு ஏன் போறதில்ல?" என்று கேட்டார்.

சேந்தன் கடலைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பினான். "என் கயிறு நம்பத்தக்க கையில இல்ல, தலைவரே. நூறு எண்ணுற நேரம் என்னைத் தண்ணிக்குள்ள விட்டுட்டான்" என்றான்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது போலாயிற்று. "தங்கச்சியை முதல்ல வடதுறைக்காரன் ஒருத்தனுக்குத்தான் கொடுக்க நினைச்சானாமே" என்றார் ஒருவர். "அந்த வடதுறைக்காரனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம்" என்றார் அடுத்தவர். "நெருப்பில்லாம புகையுமா?" என்றார் மூன்றாமவர். கொற்றன் வாயே திறக்கவில்லை. பேசியிருந்தால் பேசினான் என்று சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஆதனார் துறை வழக்கத்தைச் சொன்னார். "எட்டாம் நாள் கடல் சத்தியம். சேந்தா, நீ கழுத்தளவு தண்ணியில நின்னு மூணு முறை தலை முழுகணும். எழுந்து, கடலம்மா சாட்சின்னு உன் புகாரைச் சொல்லணும். சொன்னா கொற்றன் இந்தக் கரையை விட்டே போகணும். முழுகலைன்னா உன் புகார் பொய்."

மூன்று முறை தலை முழுக வேண்டும்! ஒரு செம்புத் தண்ணீரே ஏறாத தலை அது.

வெண்ணி வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எங்கண்ணன் செஞ்சிருப்பாரா? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க." அவன் சுவரைப் பார்த்தான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

யாரிடம் போய் அவன் உதவி கேட்பான்? மந்திரிப்பவரிடம் போனால் ஊருக்குத் தெரியும். வைத்தியரிடம் போனால் வைத்தியர் மனைவிக்குத் தெரியும், பிறகு ஊருக்கும் தெரியும். ஆகவே அவனே தன்னைத் தண்ணீருக்குப் பழக்கத் துணிந்தான். நல்ல எண்ணத்தில் அல்ல; மைத்துனனுக்கு எதிராகச் சத்தியம் செய்வதற்காகத்தான்.

ஊர் வெயிலுக்கு ஒதுங்கும் உச்சிப்பொழுதில், கொல்லையில் வாயகன்ற பானை ஒன்றில் தண்ணீர் நிரப்பினான். கொற்றன் கைபட்ட சிரட்டை வேண்டாம் என்று தானே ஒன்றில் அதே அளவு ஊசித் துளையிட்டு அதில் மிதக்கவிட்டான். மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். நெஞ்சு இடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினான். நூறு வந்ததும் துள்ளி எழுந்து பார்த்தான்.

சிரட்டையின் அடியில் விரல் நனையும் அளவுகூடத் தண்ணீர் இல்லை.

துளை அடைத்துக்கொண்டதோ என்று துளையைச் சந்தேகப்பட்டான். ஊதிப் பார்த்தான், காற்று போயிற்று. சிரட்டையைச் சந்தேகப்பட்டான், வேறொன்றில் துளையிட்டான், அதுவும் அப்படியே. தண்ணீரைச் சந்தேகப்பட்டான், கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினான், அதுவும் அப்படியே. சந்தேகப்பட அங்கே இன்னும் ஒருவன்தான் மிச்சம்.

பயந்தவன் நூறு எண்ணுவது குதிரை ஓட்டம் என்று அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. கடலடியில் தான் எண்ணிய நூறு உண்மையில் எத்தனை? அந்தக் கேள்வியை அவன் அவசரமாக ஓரம் தள்ளினான். இப்போதைக்கு முழுகினால் போதும்.

மூன்று நாள் பானையில் முகம் வைத்தான். அடுத்த மூன்று நாள் ஆளில்லாத உப்பங்கழியில் இறங்கினான். முதல் நாள் முழங்கால் நனைந்ததும் ஓடி வந்துவிட்டான். கரையில் உட்கார்ந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டான், மறுபடி இறங்கினான். மறுநாள் இடுப்பு, அதற்கு மறுநாள் கழுத்து. ஏழாம் நாள் ஊருக்குத் தெற்கே, தாழைப் புதருக்கு அப்பால், கடலில் இறங்கித் தலை முழுகினான்.

பயம் வந்தது. வரட்டும் என்று இருந்தான். அது வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது, நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறியது. அதற்கு மேல் ஏற இடமில்லாமல் மெல்ல இறங்கியது. மெதுவாக எண்ணினான். எழுபது எண்ணியும் மூச்சு மிச்சமிருந்தது. எழுந்து நின்று சின்னப் பிள்ளை போல அழுதான்.

இனி என்ன? மூன்று முறை முழுகிச் சத்தியம் செய்தால் கொற்றன் கரையை விட்டுப் போய்விடுவான். சேந்தன் பயந்த கதை யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஊரார் அவன் பக்கம், வழக்கமும் அவன் பக்கம். ஆனால் பயம் போன இடத்தில் சந்தேகத்தைத் தேடினான், அதையும் காணவில்லை. மிஞ்சியது அவன் ஊர் நடுவே சொன்ன சொல் ஒன்றுதான்.

எட்டாம் நாள் ஊரே கரைக்கு வந்தது. கொற்றன் மூட்டை முடிச்சோடு நின்றான். அவனுக்குச் சிறிதும் நம்பிக்கை இல்லை. வெண்ணி இருவரையும் பார்க்காமல் மணலைப் பார்த்தாள்.

சேந்தன் கழுத்தளவுக்குப் போனான். ஒரு முறை முழுகினான். இரண்டாம் முறை முழுகினான். மூன்றாம் முறை அவன் எழ வெகுநேரம் ஆனதால் கரையில் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள். பிறகு தலை தெரிந்தது.

"கடலம்மா சாட்சி!" என்று கத்தினான். "கயிறு மாட்டினது கொஞ்ச நேரம்தான். மச்சான் மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத் தண்ணியக் கண்டா பயம் வந்திடுச்சு. அதைச் சொல்ல வெக்கப்பட்டு அவரு மேல பழியப் போட்டேன்."

கரையில் சிரிப்பு எழுந்தது. அவன் பயந்த சிரிப்பு அதுதான். நின்று முழுவதையும் கேட்டான்.

"பொய்ப் புகாருக்கு ஒரு பருவம் தோணி ஏறக் கூடாது" என்றார் ஆதனார். சேந்தன் அந்தப் பருவம் முழுவதும் கரையில் அமர்ந்து, முத்தெடுக்க அழுகவிட்ட சிப்பிகளைக் கழுவினான். வெண்ணி மூன்றாம் நாளே பேசிவிட்டாள். கொற்றன் பேசவில்லை.

அடுத்த பருவம் வந்தது. சேந்தன் கல்லும் கூடையுமாகக் கரையில் நின்றான். முதல் நாள் கொற்றன் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்திருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்றும் வரவில்லை.

பதினோராம் நாள் வந்தான். கூடவே பக்கத்து வீட்டு நன்னனையும் அழைத்து வந்தான்.

"வாங்க மச்சான்" என்றான் சேந்தன். "இவர் எதுக்கு? தோணிக்கு ரெண்டு பேர்தானே?"

"சாட்சிக்கு" என்றான் கொற்றன். "நான் கயிறு பிடிக்கிறதை இவர் பாத்துக்கிட்டே இருப்பார். நாளைக்கு நீங்க என்ன சொல்லுவீங்களோ, யார் கண்டா?"

சேந்தன் நடுக்கமில்லாமல் கடலில் இறங்கினான், கூடை நிறையச் சிப்பியோடு ஏறினான். இருவரும் கிழவராகும் வரை இப்படியே நடந்தது. கயிறு ஒருநாளும் தாமதிக்கவில்லை, தோணி ஒருநாளும் அவர்கள் இருவரோடு மட்டும் போகவில்லை.

பெரியோரே, பிள்ளைகளே, கதையைச் சந்தேகப்பட்டாலும் இதை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தன் பயத்தை ஒருவன் தனியாகவே வென்றுவிடலாம், ஆனால் அதை மறைக்க அடுத்தவன் மேல் போட்ட பழியைத் தனியாகத் துடைக்க முடியாது.