நடுச்சரிவு

ட்ராம்போலினில் சாருகா பின்பக்கமாக இரட்டைக் கரணம் அடித்து, இரண்டு கால்களும் ஒன்றாகப் பதிய வந்து நின்றாள். அன்று காலை அது எட்டாவது கரணம். எட்டும் சுத்தம்.

"காணும், இறங்கு" என்றார் குலேந்திரன் மாஸ்டர்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேள்."

"இதில வாறது எனக்குப் பனியில வராது எண்டு நினைக்கிறியளோ?"

"அப்பிடி நான் சொல்லேல்லையே."

"பின்ன ஏன் இண்டைக்கு என்னை விடுறியள் இல்லை?"

மாஸ்டர் சுவரில் சாத்தியிருந்த, பனி வெட்டி அள்ளும் சவளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பின்னேரம் ரெட்டோ குதிக்கிறான். போய்ச் சரிவைக் கொத்தி விடு."

சாருகாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று பின்னேரம்தான் தெரிவுக் குழு வருகிறது. நாட்டின் அணியில் ஓரிடம்தான் காலி. அந்தச் சுவிஸ் மலையில் மாஸ்டரிடம் குதிக்கப் பழகியவர்கள் அவளும் ரெட்டோவும் மட்டும். குழுவின் முன் ஒருவரைத்தான் காட்டலாம். அது ரெட்டோ என்றால், அவளுக்கு இந்தப் பனிக்காலம் முடிந்தது.

சவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டி, ஏவுமேடையில் எகிறிக் கரணமடிப்பவர்கள் வந்து இறங்குகிற சரிவு இரவில் கல்லாய் இறுகிவிடும். முழங்கால் ஆழத்துக்குக் கொத்தி இளக்கினால்தான் விழுந்தவன் எழும்புவான். மேலே நிற்பவனுக்கு ஏவுமேடை மறைத்துவிடும். இறங்கும் இடம் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கொத்தினவர் "சரி" என்றால் சரி. வேறு யாரும் போய்க் குத்திப் பார்ப்பதில்லை.

மேற்பக்கத்தைக் கொத்தினாள். கீழ்ப்பக்கத்தையும் கொத்தினாள். நடுவில் சவளைப் போட்டபோது அது துள்ளித் திரும்பியது. கை எரிந்தது.

ரெட்டோ பாரமானவன். எப்போதும் நடுவைத் தாண்டித்தான் விழுவான். நடுவில் வந்து விழுகிறவள் அவள்தான். அவளோ இன்றைக்குக் குதிக்கப் போவதில்லை. பிறகு யாருக்காகக் கை தேய்வது?

பக்கத்திலிருந்த தூள்பனியை இழுத்து நடுவில் பரப்பி, சவளின் முதுகால் தடவி விட்டாள். பார்க்கப் பஞ்சு மெத்தை போல இருந்தது.

"சரியோ?" என்று கீழேயிருந்து கேட்டார் மாஸ்டர்.

"சரி, மாஸ்டர்."

குழுவினர் மூவர் வந்து ஓரமாக நின்றார்கள். ரெட்டோ பலகைகளைத் தோளில் வைத்தபடி மாஸ்டரிடம் போய்த் தன் மொழியில் ஏதோ சொன்னான். மாஸ்டர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பிறகு சாருகாவைக் கூப்பிட்டார்.

"தன்னைவிட நீதான் திறமாக் குதிப்பியாம். தனக்கு அடுத்த வருசமும் இருக்காம். உன்னை விடச் சொல்லுறான்."

சாருகா நடுச்சரிவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன முழிசுறாய்? பலகையைக் கட்டு. நான் கை தூக்கினதும் வா."

ரெட்டோ அவளிடம் கற்றுக்கொண்ட தமிழ் இரண்டே சொல். அந்த இரண்டையும் சேர்த்துக் கத்தினான்.

"போ அக்கா!"

மேலே போய் நின்றாள். கீழே மாஸ்டர் கை தூக்கினார்.

வழக்கத்தைவிட உயரத்திலிருந்து தொடங்கினால் நடுவைத் தாண்டிவிடலாம். ஆனால் வேகம் கூடும், கரணம் மிஞ்சும், தலை முதலில் வரும். வழக்கமான இடத்திலிருந்து தொடங்கினால் நேரே அந்தக் கல்லில். அவளுக்குத் தன் கணக்கு நன்றாகத் தெரியும்.

மாஸ்டரின் கை தூக்கியபடியே இருந்தது. குழுவில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

சாருகா பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்து இறங்கி வந்தாள்.

"என்ன பிள்ளை, பயமோ?"

"இல்லை."

"பின்ன?"

"நடுவில கொத்தேல்லை, மாஸ்டர்."

அவர் சவளை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறி, நடுவில் ஓங்கிக் குத்தினார். டங் என்றது. ரெட்டோவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

"மேல தூள் கொட்டி மூடினனியோ?"

"ஓம்."

"எனக்குச் சரி எண்டனி."

"ரெட்டோ இதைத் தாண்டித்தானே மாஸ்டர் விழுறவன்..."

"எல்லா நாளுமோ?"

வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. இனிக் கொத்தி முடிக்க நேரமில்லை என்று மாஸ்டர் குழுவினரிடம் போய்ச் சொன்னார். ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். "சரிவு ஆயத்தமில்லை, பிழை என்னுடையது" என்று மட்டும் சொன்னார். அவர்கள் கை குலுக்கிவிட்டு அடுத்த மலைக்குப் போய்விட்டார்கள். அணியிலிருந்த அந்த ஓரிடம் இருவருக்கும் இல்லாமல் போயிற்று.

மாஸ்டர் திரும்பி வந்தபோது ரெட்டோ நடுச்சரிவில் நின்று கொத்திக்கொண்டிருந்தான். சாருகா இன்னொரு சவளோடு அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் நிமிரவில்லை. நான்கு அடி தள்ளிப் போய் நின்று கொத்தினான். அக்கா என்று கூப்பிடவுமில்லை.

மாஸ்டர் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று தானும் கொத்தத் தொடங்கினார்.

"மாஸ்டர்."

"ம்."

"இனி என்னை ஒருநாளும் பனியில விடமாட்டியளோ?"

மாஸ்டர் சவளை இறுகின பனிக்குள் இறக்கி, காலால் மிதித்தார்.

"நான் இண்டைக்கு விட்டனான்தானே, பிள்ளை. சரிவுதான் விடேல்லை."