பேச்சில்லாத பக்கம்

முதலில் பக்கம் புரட்டுகிற சரசரப்பு. பிறகு சிரிப்பு. சிவகாசி பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில், தொங்கிய வாரப் பத்திரிகைகளுக்கு இந்தப் பக்கம் இன்னாசி நின்றிருந்தார். அந்தப் பக்கம் நின்றவர்களின் முகம் தெரியவில்லை, செருப்புகள்தான் தெரிந்தன.

"கொலைகாரன் சோத்தாங்கையால குத்துறான். கடைசியில இன்ஸ்பெக்டர் வந்து, பீச்சாங்கைப் பழக்கக்காரன்தான் குத்துனான்னு கம்பவுண்டரப் பிடிக்கிறாரு. எந்தக் கையால சோறு திங்கிறதுன்னே தெரியாத இன்ஸ்பெக்டரப்பா."

"படம் போட்டவனுக்கே தெரியல. அவரு என்ன செய்வாரு, பாவம்."

படம் போட்டவர் இன்னாசி. கதையும் அவருடையதுதான். ஒரு பிரதியை உருவிப் பார்த்தார். கொலை நடக்கிற பக்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறிக் கிடந்தது. அவர் இடது கையில் கொடுத்த கத்தி வலது கைக்குப் போயிருந்தது. கதை முழுக்க அந்த இடது கையில்தான் நின்றது. அது போனதும் மிச்சமெல்லாம் உளறலாகிவிட்டது.

இன்னாசிக்கு வேலை செங்கழுகு காமிக்ஸில். வெளிநாட்டுப் படக்கதைகள் தமிழில் வரும்போது, அவற்றின் கதாநாயகிகளை அப்படியே அச்சேற்ற முடியாது. தோள் தெரிந்தால் கை வைத்த ரவிக்கை, தொடை தெரிந்தால் நீளப் பாவாடை என்று மையால் உடுத்திவிட வேண்டும். இருபது வருஷமாக ஊரான் பெண்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தவர், சொந்தமாக ஒரு இன்ஸ்பெக்டரை உண்டாக்கினார். கதையை முதலில் போட்டி நிறுவனமான வெண்புரவி காமிக்ஸுக்குத்தான் கொண்டுபோனார். அதன் முதலாளி சீனிராஜ் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு, நம்மூர் இன்ஸ்பெக்டரை நம்மூரில் எவன் நம்புவான் என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். செங்கழுகு முதலாளி பால்வண்ணம் ஒரு வாக்குக் கொடுத்தார்: இது எடுபட்டால் மாதாமாதம் உன் இன்ஸ்பெக்டர், எடுபடாவிட்டால் மறுபடி ரவிக்கை.

இரண்டு நிறுவனங்களுக்கும் அச்சகம் ஒன்றே. அதனால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் தாளில் இன்னொருவர் எதைக் கண்டாலும், புத்தகம் வெளிவருவதற்கு முன்னேயோ பின்னேயோ, எவரிடமும் பேசக் கூடாது. இரு முதலாளிகளும் ஒத்துக்கொண்டது அது.

தவறு எப்படி நடந்தது என்பதைச் சங்கையாவே வந்து சொன்னார். அவர் அச்சகத்தில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடுகிறவர். இன்னாசி வரைவது டிரேசிங் தாளில். அதை விளக்குக்கு மேல் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்து இருந்தால் எது முன்பக்கம் என்று சொல்லிவிடலாம். கொலைப் பக்கத்தில் பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட பக்கங்களுக்கு இன்னாசி கீழ் ஓரத்தில் ஒரு சிலுவைக் குறி போடுவார், இதற்கும் போட்டிருந்தார். ஆனால் சீனிராஜ் தீபாவளிக்குப் பாக்கெட் சைஸில் கொண்டுவருகிறான் என்று காதில் விழுந்ததும் பால்வண்ணம் தன் புத்தகத்தையும் சிறிதாக்கி, தாள்களின் ஓரங்களைத் தானே கத்தரித்தார். குறி ஓரத்தோடு போயிற்று. அது எதற்கென்று அவர் கேட்டதுமில்லை.

"ஒரு ஆளனுப்பி ஒங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ணே," என்றார் சங்கையா. "ஒங்க மொதலாளி தலைக்கு மேல நின்னு வெரட்டுனாரு. இதுதான் முன்பக்கம்னு நானா வச்சுட்டேன்."

வாசகர் கடிதங்கள் ஏச்சும் எகத்தாளமுமாக வந்தன. அடுத்த இதழில் பால்வண்ணம் ஒரு பெட்டிச் செய்தி போட்டார்: ஓவியரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம். இன்ஸ்பெக்டர் அத்தோடு நிறுத்தப்பட்டார். இன்னாசி கேட்கப் போனபோது பால்வண்ணம் நிமிரவில்லை. கம்பெனி பெயர் கெட்டால் எல்லார் சோற்றிலும் மண், உன் பெயர் யாருக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே சீனிராஜ் வீடு தேடி வந்தார். தன் நிறுவனத்தில் அதே கதையைச் சரியாக அச்சிடுவதாகவும், அட்டையில் இன்னாசி பெயரைப் பெரிதாகப் போடுவதாகவும் சொன்னார்.

"ஒங்க தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும் இன்னாசி. மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே தாளப் பாத்தேன். கை மாறிக் கெடந்துச்சு. நான் படிச்ச கதையில்லியா."

"சொல்லலியே அண்ணாச்சி."

"எப்படிச் சொல்றது? கட்டுப்பாடு இருக்கே."

கதை இங்கே நிற்கிறது. ஒருவர் குறியை வெட்டிவிட்டுப் பழியையும் இன்னாசி தலையில் போட்டார். ஒருவர் கேட்காமல் வைத்தார். ஒருவர் கண்டும் வாயைத் திறக்கவில்லை. இன்று கதவைத் திறந்துவிடுகிறவரும் அவரேதான். வாசகரே, இந்த மூவரில் மன்னிக்கக் கூடாதவர் யார்?

விடை: பெரும்பாலோர் பால்வண்ணத்தைச் சொல்வீர்கள். அவர் நல்லவர் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவர் வெட்டியது தெரியாமல். பொய் எழுதியது புத்தகம் செத்த பிறகு. சங்கையா செய்த தவறை அவரே வந்து ஒப்புக்கொண்டார். மெஷின் ஓடும்போதே, அந்த ஒரு பிளேட்டை மாற்றினால் போதும் என்ற நேரத்தில், விஷயம் தெரிந்த ஒரே ஆள் சீனிராஜ். கட்டுப்பாடு அவர் வாயைக் கட்டியது என்பீர்கள். பின்னேயும் பேசக் கூடாது என்பதும் அதே கட்டுப்பாடுதான். அதை இன்னாசி வீட்டில் உட்கார்ந்து அவரே உடைத்தார். வாயைத் திறந்தால் எதிராளி பிழைப்பான் என்றபோது காத்த விதி, திறந்தால் ஓவியர் கிடைப்பார் என்றதும் காணாமல் போயிற்று. "அன்னைக்கி இருந்த கட்டுப்பாடு இன்னைக்கி எங்க போச்சு அண்ணாச்சி?" என்று இன்னாசி கேட்டார். சீனிராஜ் எழுந்து போய்விட்டார். அதனால் இன்னாசிக்கு நியாயம் எதுவும் கிடைத்துவிடவில்லை. மறுநாள் செங்கழுகில் அவர் மேஜை மேல் புதிய வெளிநாட்டுக் கதை ஒன்று கிடந்தது. கதாநாயகி கடலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். இன்னாசி தூரிகையை மையில் தோய்த்து, முழங்கை வரை ரவிக்கை வரையத் தொடங்கினார். முதலில் வலது கைக்கு.