ஊருக்கே கொடுத்த சாவி

தென்காசி ஜவுளிக்கடை முதலாளி சங்கரபாண்டியனுக்கு, வீட்டு ஊஞ்சலில் ஆடிக்கொண்டே போனில் கடைக் கம்ப்யூட்டரை இயக்குவதில் தனிப் பெருமை.

"அந்த வழியா வேற ஆளும் நுழையலாம், முதலாளி. பாஸ்வேர்டை மாத்துங்க" என்று ஒருநாள் கடைக்கு வந்த அவரிடம் சொன்னாள் பில் போடும் ஞானசுந்தரி.

"எங்கே, கம்ப்யூட்டரைத் தொடாம நீ நுழைஞ்சு காட்டு!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானசுந்தரி சுவரை நிமிர்ந்து பார்த்தாள், தன் போனில் ஏதோ தட்டினாள். கல்லாத் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. பட்டுப்புடவை எல்லாம் பத்து ரூபாய் என்று விழுந்தது. சிரித்தவர்கள் ஆளுக்கு நாலு புடவையோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"விலையைப் பழையபடி மாத்திடு தாயி! பாஸ்வேர்டை உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். கடை போன் நம்பரையே வச்சிட்டு, அதைக் காலண்டர்ல அச்சடிச்சு வீட்டுக்கு வீடு ஆணியில தொங்கவிட்டிருக்கீங்களே!"