தலையில் இடித்த விழுது

மலைக்கு நடந்து போகிறவர்களின் பாதி வழியில் ஒரு ஆலமரம். அதையொட்டி, நடந்து வருகிறவர்களுக்குப் பந்தி போடும் ஒரு மடம். மடத்தின் குரு சிவஞானி அம்மையார். சீடராக இருந்த வடிவு அவரைவிடப் பத்து வயது மூத்தவள். ஊரெல்லாம் அம்மையாரைத் தாயே என்று கூப்பிடும். அம்மையார் வடிவை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வடிவுக்கு எதற்கும் கவலை. சோறு குழைந்துவிடுமோ, கூட்டம் கூடிவிடுமோ என்று நாள் முழுக்க ஒரு முனகல். அந்த வருடம் ஆடிக் காற்றில் கவலைப்பட நிஜமாகவே ஒன்று வந்தது. பந்திக்கு நிழல் தரும் பெரிய கிளை, அடியில் விரிசல் விட்டிருந்தது. மரம் அறுக்கிறவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெட்டிவிடுவதே நல்லது என்றார். வெட்டினால் நடந்து வருகிறவர்கள் வெயிலில்தான் உட்கார வேண்டும். விட்டுவைத்தால் யார் தலையில் விழுமோ.

"இவ்வளவு பெரிய மரம், தன் கிளையைத் தானே தாங்காதா தாயே?"

அம்மையார் அவளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார். அங்கேயும் அதே பருமனில் ஒரு கிளை. அதிலிருந்து இறங்கிய விழுதுகள் மண்ணில் ஊன்றித் தூண்களாக நின்றன.

"பந்திப் பக்கம் மரம் விழுதே விடலையா அக்கா?"

"விடாம என்ன? சாப்பிட உக்காருறவங்க தலையில இடிக்கும். கொண்டையைப் பிடிச்சு இழுக்கும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இடத்தைக் கூட்டறப்போ அரிவாளால நறுக்கிருவேன். ஒரு வாரம் தவறினதில்லை."

அம்மையார் பந்திப் பக்கம் திரும்பி வந்தார். கிளைக்கு ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுக்கச் சொன்னார். புதிதாக விட்டிருந்த விழுதின் நுனியை மண் நிரப்பிய மூங்கில் குழாய்க்குள் விட்டுக் கட்டினார். குழாய் பந்தி நடுவில் தொங்கியது. வந்தவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு வடிவைத்தான் திட்டினார்கள்.

"இது எது வரைக்கும் இடிக்கும் தாயே?"

"தரையைத் தொடுற வரைக்கும்."

மாசியில் கொளஞ்சி வந்தாள். மடத்திலேயே தங்கி வேலை செய்கிறேன் என்று முன்பும் வந்து கேட்டவள்தான். அப்போது குழம்பில் புளி தூக்கல் என்று பந்தியிலேயே சொன்னாள். வடிவு அனுப்பிவிட்டாள். அப்படி எதிர்த்துப் பேசிய ஒருத்தரையும் அவள் தங்கவிட்டதில்லை. இப்போது வடிவுக்கு முழங்கால் மடங்கவில்லை. சோற்று அண்டாவை இறக்க வேறு ஆள் கிடையாது. மத்தியானப் பந்தியை நிறுத்த வேண்டியதுதான் என்று முந்தின நாள்தான் அழுதிருந்தாள்.

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வடிவு நொண்டிக்கொண்டே வந்து நின்றாள்.

"தாயே, அந்தக் கொளஞ்சி வாசல்ல நிக்கிறா. வந்ததும் வராததுமா அண்டாவுல கரி போகலைங்கிறா. திருப்பி அனுப்பிரட்டுமா?"

அம்மையார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையா அக்கா?"

அன்று புதன்கிழமை. வடிவு திரும்பி, பந்தி நடுவில் தொங்கிய குழாயைப் பார்த்தாள்.